மூன்றாவது கட்டம் வேண்டாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த செயற்கை நுண்ணறிவு அறிமுகக் கட்டுரை படித்தேன். எளிமையாக இருந்தது, சரி. ஆனால் குறுகியது (குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்வது), பொதுவானது (மனிதரைப் போல எந்த வேலையையும் செய்வது), மனிதரை மிஞ்சியது என்று மூன்று வகையையும் வரிசையாகக் கட்டம் போட்டுக் காட்டியதில், மூன்றுமே கடையில் கிடைக்கிற சரக்கு மாதிரி ஆகிவிட்டது. நம் கையில் புழங்குவது முதல் வகைதான். இரண்டாவதைத் தொட்டாயிற்றா இல்லையா என்று இன்னும் சண்டை நடக்கிறது. மூன்றாவது வெறும் ஊகம்.

என்னைக் கேட்டால், ஒரு செயற்கை நுண்ணறிவு தன் வேலையை எப்படிப் பழகியது என்று பார்த்துப் பிரிப்பதுதான் வாசகருக்கு உதவும். செஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் புளூ கணினி, பலகையில் காய்கள் நிற்கக்கூடிய நிலைகளில் நொடிக்குச் சுமார் 20 கோடியை அலசும். ஆனால் எந்த நிலை நல்லது, எது மோசம் என்று எடைபோடும் கணக்கை அதற்கு எழுதிக்கொடுத்தது ஆட்கள்தான், அதுவும் கிராண்ட்மாஸ்டரைக் கூடவே உட்காரவைத்துக்கொண்டு. 2017-ல் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற நிரலுக்கு ஆட்ட விதிகளைத் தவிர ஒன்றும் சொல்லித்தரவில்லை. தனக்குத்தானே ஆடி ஆடி, சில மணி நேரத்தில், அப்போது பலம் வாய்ந்த செஸ் நிரலாக இருந்த ஸ்டாக்ஃபிஷ்ஷையே மிஞ்சிவிட்டது! இரண்டுமே குறுகிய வகைதான், செஸ் பலகையை விட்டு இறங்கினால் டீப் புளூவுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்.

இப்போதைய அரட்டைச் செயலிகள் இன்னொரு தினுசு. மலைமலையாக எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்துப் பழகியவை. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒன்றிடம் கேட்டேன். ஐந்து நிலை ராஜகோபுரம், வைகாசித் தேர் என்று தல புராணம் மாதிரி அழகாக எழுதித் தந்தது. எங்கள் கோயிலில் கோபுரமே கிடையாது, மொட்டை வாசல்தான், தேருக்கு நாங்கள் எங்கே போவது! பொய் சொல்ல வேண்டும் என்று அதற்கு எண்ணமில்லை. கோயில் என்றால் பக்கத்தில் கோபுரம் என்ற சொல் வரும், அவ்வளவுதான்.

அப்புறம், போன மாதம் வாஷிங் மெஷின் வாங்கப் போன கடையில் எல்லாவற்றிலும் 'ஏஐ', அதாவது செயற்கை நுண்ணறிவு, என்று ஸ்டிக்கர். என்ன செய்யும் என்று கேட்டால், "துணி எடையைப் பார்த்துத் தண்ணியை அதுவே விட்டுக்கும் சார்" என்றார் கடைப் பையன். வீட்டில் இருக்கும் பழைய மெஷினும் அதைத்தான் செய்கிறது. அடுத்த பகுதியில் அந்த மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டு, இந்த ஸ்டிக்கரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், கரூர் மாவட்டம்