தட்டைத் திருப்பிப் பார்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு "அப்புறம் கேட்கிறேம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தட்டு போட்டோவைப் பார்த்தேன். பழைய சாமான் சந்தையில் "சீனத் தட்டு, முந்நூறு வருடப் பழசு" என்று சொல்லி உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா என்று கேட்கிறாய். விலையைச் சொல்லாமல் விட்டதிலேயே உனக்கும் சந்தேகம் என்று தெரிகிறது.

விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது, கவனித்தாயா? பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே வெளிர் பழுப்பில் மண் தெரிகிறது. சீனப் பீங்கான் என்றால் உடைந்த இடமும் வெள்ளைவெளேரென்று, கண்ணாடி உடைந்த மாதிரி இருக்கும். மெல்லிய இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னாலுள்ள விரலின் நிழல் தெரியும். பானைக்காரியிடம் நாம் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அப்படி மெதுவாகச் சுண்டிப் பார். பீங்கான் கணீரென்று நிற்கும். உன்னுடையது டொக்கென்றுதான் சொல்லும். எனக்குத் தெரிந்தவரை இது டெல்ஃப்ட் வகை, ஹாலந்தில் இருக்கிற டெல்ஃப்ட் ஊர்ப் பாணி. சாதாரண மண்ணில் செய்து, ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி, அதன்மேல் நீலத்தில் வரைந்து சுட்டது.

நாம் போன டெல்ஃப்ட் பட்டறையில் ஒரு அம்மாள் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தவன் நீதான். மறந்ததும் நீதான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சீனப் பீங்கான் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த காலம். 1644-இல் மிங் அரசு விழுந்து சீனாவில் ஒரே கலவரம். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஷென் ஊர்ச் சூளைகளிலிருந்து சரக்கு வருவது குறைந்துபோனது. டெல்ஃப்ட் குயவர்களுக்கு அடித்தது யோகம். அந்த ஊரில் பீர் காய்ச்சும் தொழில் நொடித்துக் காலியாகக் கிடந்த கட்டடங்களில் சூளை போட்டு, சீனப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். சீன எழுத்து என்று சிலர் போட்டதெல்லாம் வெறும் கிறுக்கல். படிக்கத் தெரியாதவன் எழுதியது, படிக்கத் தெரியாதவன் வாங்கியது!

ஆனால் எனக்கு மனசில் ஒட்டிக்கொண்டது ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் பார்த்த குடைத் தட்டுதான். "அம்மா, கால் வலிக்கவில்லையா" என்று நீ மூன்று தடவை கேட்டாய். நான் நகரவில்லை.

1734-இல் டச்சு கம்பெனி கொர்னேலிஸ் ப்ராங்க் என்ற ஓவியரை வைத்துப் படம் போடச் சொல்லியிருக்கிறது. ஊர்க்காட்சிகளை வரைகிற ஆள். சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சீனா என்று தன் மனதில் இருந்ததை வரைந்தார்: தண்ணீர் ஓரத்தில் ஒரு பெண், அவளுக்குக் குடை பிடிக்கிற இன்னொருத்தி, எதிரே சில பறவைகள். அந்தத் தாள் கப்பலேறி பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) போய், அங்கிருந்து சீனா போனது. தன் ஊர்க்காரர்கள் என்று எங்கேயோ ஒருவர் வரைந்த படத்தைக் கையில் வாங்கிய சீனத் தொழிலாளி என்ன நினைத்திருப்பான்? வாய்விட்டுச் சிரித்திருப்பான் என்பது என் ஊகம். குடையை விடவில்லை, பறவைகளை விடவில்லை. முகங்களை மட்டும் தன் கைக்குப் பழகிய சீன முகங்களாக்கிவிட்டான். ஜப்பானில் அதே படம் போனபோது பெண்கள் கிமோனோ உடுத்திக்கொண்டார்கள். கடைசியில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சில வருடங்களிலேயே கம்பெனி இந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது.

முப்பது வருடம் ரவிக்கை தைத்தவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அளவு ஜாக்கெட் கொண்டுவந்து "இதே மாதிரி, அச்சு அசலாக" என்பார்கள். என்னதான் அளந்தாலும் கழுத்து வளைவில் என் கத்தரி போகிற போக்கு ஒன்று உண்டு. நம் தெருவிலேயே ஒரு அம்மா கொடுத்த அளவில் ஒரு கை அரை அங்குலம் குட்டை. யாரோ பிரித்துத் தைத்தது. நான் அதையும் அப்படியே தைத்துவிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் நின்று என்ன சத்தம் போட்டாள்! டச்சுக்காரர்களும் அளவு ஜாக்கெட் அனுப்பியிருக்கிறார்கள் தெரியுமா? 1635-இல் தைவானிலிருந்து, மரத்தில் கடைந்து வர்ணம் பூசிய மாதிரிகளைச் சீன வியாபாரிகளிடம் கொடுத்து, இதே வடிவில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்குக் கடையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

இன்னொரு கூத்து. உன் வீட்டு அலமாரியில் இருக்கிற வில்லோ தட்டு, பாலமும் இரண்டு பறவைகளும் போட்டது. மருமகள் அதைச் சீனக் காதல் கதை என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் 1790-களில் இங்கிலாந்தில் பிறந்தது. கதை அதற்கும் பிறகு அங்கேயே கட்டியது. அப்புறம் சீனாக்காரர்களே அதைப் பார்த்து வரைந்து மேற்கே விற்றார்கள். குழந்தையிடம் இதைச் சொல்லாதே, கதை நன்றாகத்தான் இருக்கிறது.

அதனால் உன் தட்டு சீனம் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எந்த வருடத்தது என்று என்னால் சொல்ல முடியாது, நேற்றுச் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் நடுவில் இருக்கிற அந்த மீன்பிடிக்கிறவரைப் பார். தொப்பி சீனம், உட்கார்ந்திருக்கிற விதம் சுத்த டச்சு. எனக்குப் பிடித்திருக்கிறது. சில்லு போன இடத்தில் பசை, பெயின்ட் எதுவும் தடவாதே. பாத்திரம் கழுவும் மெஷினில் போடாதே. புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற வேலையும் வேண்டாம், அந்தப் பூச்சில் ஈயம் உண்டு.

ஒன்று கேட்க மறந்தேன். தைத்த துணி எது கொடுத்தாலும் நான் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பேன், ஆளின் கை அங்கேதான் தெரியும். அந்தக் குடைத் தட்டுகளின் பின்பக்க விளிம்பில் சின்னச் சின்னப் பூச்சிகள் வரைந்திருக்கும் என்று அன்று நீ போனில் தேடிப் படித்துக் காட்டினாய். மேஜையில் வைத்தால் யார் கண்ணிலும் படாத இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததால் அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை. உன் தட்டின் முன்பக்கத்தை ஆறு போட்டோ எடுத்திருக்கிறாய், பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாகக் கவிழ்த்து வைத்து, ஒன்று எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா