வாசிப்பு மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

மரியாதைக்குரிய தலைவர் காக்கா அவர்களே, ஆலிம் பெருமக்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் ராத்தாமார்களே, தங்கைமார்களே, தம்பிகளே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

போன பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "மூணு வருஷமா வட்டி ஹராம்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கோம். அது எனக்கு ஓதுற பள்ளியிலேயே தெரியும். அதுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டது நினைவிருக்கும். அன்று யாரிடமும் பதில் இல்லை. அதனால் இந்த ஆண்டு சிறப்புரைகளை நிறுத்திவிட்டோம். மாதம் ஒரு நூலில் பத்துப் பக்கம், அல்லது ஓர் ஆவணம்; அதை எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசுவது என்று தீர்மானித்தோம். எல்லோரும் படித்துவிட்டு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் வந்தபின் அடுத்தவரின் நகலை எட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் பேச்சு முன்பைவிட நன்றாக இருந்தது.

மொத்தம் பத்துக் கூட்டங்கள். ரமளான் மாதத்தில் கூட்டம் இல்லை, இன்னொன்று மழையால் நின்றது. வருகை பெரும்பாலும் இருபதுக்குள்தான். ஜூலை மாதக் கூட்டத்துக்கு மட்டும் 41 பேர் வந்தார்கள், பாய் போதவில்லை. அது குதிரைக் கூட்டம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

காயல்பட்டினத்தில் பிறந்தவர்களுக்குக் குதிரைக் கதை தெரியாமல் இருக்காது. பாண்டியர்களுக்கு அரபுக் குதிரை வந்து இறங்கிய துறை இது, ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்று கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்வார்கள். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'காயில்' என்று எழுதிய ஊர் நம்முடையதா, ஆற்று முகத்தில் இருக்கும் பழையகாயலா என்ற வழக்கு தனி. பிஷப் கால்டுவெல் பழையகாயல் பக்கம் சாய்ந்தார்; அங்கே சீனப் பானை ஓடுகள் சிதறிக் கிடந்ததை அவரே பார்த்து எழுதியிருக்கிறார். நம் மன்றத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் கூட்டம் இஷா தொழுகைக்குள் முடியாது. எனவே தலைவர் அதற்கு முன்கூட்டியே தடை போட்டுவிட்டார்.

நாம் எடுத்தது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதிய பகுதி. எலியட், டௌசன் இருவரும் 1871இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதியில் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் சொல்லிக்கொண்டே படித்தோம். பாரசீக வளைகுடாவில் உள்ள கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1,400ஐ மஅபருக்கு, அதாவது பாண்டியர் ஆண்ட நம் கரைக்கு, அனுப்ப வேண்டும். கத்தீப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலான இடங்களில் கிடைப்பதையும் சேர்த்து அனுப்பலாம். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார். கடல் வழியில் குதிரைக்குக் காயம் பட்டாலும் செத்தாலும் அதன் விலை அரச கருவூலத்திலிருந்து கொடுக்கப்படும். இந்தப் பக்கம் துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டவர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன். அவர் பொறுப்பில் இருந்த மூன்று துறைகளில் ஒன்று 'காபில்'. அதைக் காயல் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

அடுத்த வாக்கியத்தில்தான் பத்தாயிரம் வருகிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கும் தங்கை ஒருவர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "வாக்கியத்தை முழுசா வாசிங்க காக்கா" என்றார். முழுதாக வாசித்தோம். பத்தாயிரம் என்பது வஸ்ஸாப் காலத்துக் கணக்கே அல்ல. பாரசீகத்தின் அதாபேக் அபூபக்கர் ஆட்சியில் நடந்ததாக அவர் கேட்டு எழுதியது. அந்த அபூபக்கரோ 1260லேயே இறந்துவிட்டார். மேலும் அந்தக் குதிரைகள் மஅபருக்கு மட்டும் போனவையல்ல, குஜராத்தின் கம்பாயத்துக்கும் மற்றத் துறைகளுக்கும் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கை. ஆக நம் ஊர்ப் பந்தியில் இவ்வளவு காலமாக இறங்கிய குதிரைகளில் பல குஜராத்தில் இறங்க வேண்டியவை.

அதோடு விடவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எழுந்து கரும்பலகையில் 10,000 × 220 என்று எழுதிப் பெருக்கினார். 22,00,000 வந்தது. வஸ்ஸாப் கொடுத்திருக்கும் மொத்தமும் 22 லட்சம் தீனார்தான். சிலர் கை தட்டினார்கள். வாத்தியார் முகம் சுளித்து, "கடைக் கணக்கு இப்படி வராது. பொதி பொதியா எண்ணிக் கூட்டினா சில்லறை மிஞ்சும். இது யாரோ பெருக்கிப் போட்ட கணக்கு" என்றார். ஆவணத்தை எப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு இந்த ஆண்டு நான் கேட்டதில் சிறந்த பாடம் இதுதான்.

அப்புறம் பிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம், பக்கம் போனோம். செத்த குதிரைக்கும் விலை என்ற நிபந்தனை செல்லுமா? நபிமொழி ஒன்று உண்டு: 'அல்கராஜு பித்தமான்'. பொறுப்பு யாருடையதோ ஆதாயமும் அவருடையது. சரக்கு வாங்கியவன் கைக்கு வந்து சேரும்வரை நட்டம் விற்றவனைச் சேரும் என்பதே பொதுவாக நாம் ஓதியது. இங்கே கடலில் செத்ததற்கு வாங்கியவன் அல்லவா பணம் கட்டுகிறான்! நம் ஆலிம்களில் ஒருவர், பாண்டியரின் ஆள் கைஸ் கரையிலேயே குதிரையைக் கைப்பற்றியிருந்தால் அங்கேயே பொறுப்பு மாறிவிடும், அப்போது இது சரிதான் என்றார். இன்னொருவர், தகீயுத்தீன் ஜமாலுத்தீனின் சகோதரர், பாண்டியருக்கு அமைச்சர்; இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் உட்கார்ந்திருந்தால் நிபந்தனை அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத்தானே இருக்கும் என்று கேட்டார். வணிகம் செய்கிறவர்கள் சிரித்தார்கள். அந்த 22 லட்சமும் கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும் தேவரடியார் மீதான வரியிலிருந்தும் கட்டப்பட்டதாக வஸ்ஸாப் சொல்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்ட தம்பிக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கரை இறங்கிய பிறகும் குதிரைகள் ஏன் செத்தன என்பதற்கும் வஸ்ஸாபிடமே விடை கிடைத்தது. இங்கே அவற்றுக்குப் பார்லியை வறுத்து, தானியத்தில் நெய் ஊற்றி, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுத்தார்களாம். மார்க்கோ போலோவும் இங்கே குதிரை வளர்க்கத் தெரியவில்லை என்கிறார். வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவே விடவில்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்காம். விருந்தாளியைத் தின்ன வைத்தே படுக்கப் போடும் ஊர் இது. குதிரைக்கு மட்டும் விதிவிலக்கா?

மற்றக் கூட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்வி குறித்து இரண்டு கூட்டங்கள். பாக்தாதின் நிஜாமிய்யா மதரசாவில் 1091 முதல் 1095 வரை இமாம் கஸ்ஸாலி பாடம் நடத்தியதையும், ஜார்ஜ் மக்திசி 1981இல் வெளியிட்ட ஆய்வையும் வைத்துப் பேசினோம். மதரசா என்பது அடிப்படையில் ஒரு வக்பு: கட்டடம், ஆசிரியர் சம்பளம், மாணவர் சாப்பாடு எல்லாம் அறக்கட்டளைச் சொத்தின் வருமானத்தில் நடக்கும். ஆனால் 'இஜாஸா' என்ற சான்றை மதரசா தராது, ஆசிரியர் தம் பெயரில் தருவார். இதைக் கேட்ட ஆசிரியை ஒருவர், அப்படியென்றால் இன்றைக்கு நாம் ஆசிரியரைக் கேட்காமல் கட்டடத்தைப் பார்த்தே பிள்ளையைச் சேர்ப்பது தலைகீழ் என்றார். இரண்டாவது கூட்டத்தில் இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் 2006 அறிக்கையைப் படித்தோம். முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் மதரசாவில்தான் படிக்கிறார்கள் என்று வெளியில் சொல்கிறார்கள். அறிக்கைப்படி அவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை. இது நம்மில் பலருக்கே புதுச் செய்தியாக இருந்தது.

கஸ்ஸாலியின் 'இஹ்யா' நூலிலிருந்து பணத்தைப் பற்றிய பகுதி அடுத்தது. குங்குமப்பூ வைத்திருப்பவனுக்கு ஒட்டகம் வேண்டும். ஒட்டகக்காரனுக்குக் குங்குமப்பூ வேண்டாம். எத்தனை பூ ஒரு ஒட்டகத்துக்குச் சமம் என்று யார் சொல்வது? பணம் கண்ணாடி மாதிரி, தனக்கு நிறமில்லை, எல்லா நிறத்தையும் காட்டும் என்கிறார். ஊசி ஒன்று உருவாக 25 தடவை கைமாறுகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆடம் ஸ்மித் குண்டூசிக்குப் பதினெட்டு வேலை சொன்னது இதற்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு பிந்தி. பொருளியலாளர் ஷும்பீட்டர் 1954இல் வெளிவந்த தம் நூலில், தாமஸ் அக்குவினாஸுக்கு முந்திய ஐந்நூறு ஆண்டுகளைப் பொருளியல் சிந்தனையே இல்லாத பெரிய இடைவெளியாக எழுதிவைத்தார். ஆய்வாளர்கள் கஸன்பரும் அலிகர் வழிவந்த அப்துல் அஸீம் இஸ்லாஹியும் அந்த இடைவெளியில் யார் யார் இருந்தார்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று: 'எங்களாள் முதலில் சொன்னார்' என்பதோடு நிறுத்தினால் நாம் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். கஸ்ஸாலி சொன்னதை ஏன் வரிவசூலிக்கிறவர்களும் நாணயம் அடிக்கிறவர்களும் கேட்கவில்லை என்பதையும் கேட்க வேண்டும். கெய்ரோவின் மக்ரீஸி, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் வந்த பஞ்சத்துக்கு நைல் நதியில் வெள்ளம் குறைந்ததை மட்டும் குறை சொல்லவில்லை. பதவியை விலைக்கு விற்றதையும், நிலக் குத்தகை ஏறியதையும், செப்புக் காசை அள்ளி விட்டதையும் குறை சொன்னார். அவரைப் படித்த மாதம் வந்தவர்கள் ஒன்பது பேர். வராதவர்களுக்குத்தான் நட்டம்.

பேராசிரியர் நஜாத்துல்லாஹ் சித்தீகியைப் பற்றிய அறிமுகமும் நடந்தது. கோரக்பூரில் 1931இல் பிறந்து, அலிகரிலும் ஜித்தாவிலும் பணியாற்றி, 1982இல் மன்னர் பைசல் பரிசு பெற்று, 2022இல் மறைந்தவர். வட்டியில்லா வங்கி எப்படி நடக்கும் என்பதை முதலில் உருதுவில் எழுதினார். அடுத்த மாதமே, இஸ்லாமியப் பொருளியல் என்ற துறையையே கடுமையாக விமர்சிக்கும் பொருளியலாளர் திமுர் குரான் என்பவரின் வாதங்களையும் வைத்தோம். வக்பின் இறுக்கமான விதிகள் மத்திய கிழக்கில் முதல் திரட்டுவதற்குத் தடையாக நின்றன என்பது அவர் கட்சி. இவரை ஏன் நம் மன்றத்தில் வாசிக்க வேண்டும் என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். டீ வந்ததும் திரும்பி வந்தார்கள். விவாதம் சூடாக இருந்தாலும் கண்ணியம் குறையவில்லை.

உஸ்மானியர் காலத்து ரொக்க வக்பு பற்றிய கூட்டம் நமக்கு நேரடியாகவே உதவியது. நிலமோ கடையோ இல்லாமல் காசையே வக்பு செய்து, அதைக் கடனாகக் கொடுத்து, வரும் வருமானத்தில் பள்ளிவாசலையும் பாடசாலையையும் நடத்தினார்கள். புர்ஸா நகரப் பதிவேடுகளில் அந்த வருமானம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இது வட்டியல்லாமல் வேறென்ன என்று பிர்கிவி எதிர்த்தார். செலவாகிப் போகும் காசு எப்படி நிரந்தர வக்பாகும் என்பதும் அவர் கேள்வி. 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக, அதாவது அரசின் தலைமை முப்தியாக, இருந்த எபுஸ்ஸுஊத், இது ஊரில் வேரூன்றிய வழக்கம், தடுத்தால் அறப்பணிகள் நின்றுபோகும் என்று அனுமதித்தார். இரண்டு பேருமே பெரிய ஆலிம்கள், ஒரே காலம், ஒரே மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). நம் ஆலிம் ஒருவர் நீண்ட நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "நான் பிர்கிவி பக்கம். ஆனா எபுஸ்ஸுஊதோட சங்கடம் புரியுது" என்றார்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ராத்தா ஒருவர் தம் உம்மாவின் உம்மா வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அரபியில் இல்லாத ட, ங, ப போன்ற ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுதிய பழைய கை. முன்பக்கம் பைத்துகள், பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் கணக்கு. கொழும்புக்குப் போன ஒருவரிடம் நகையை அடகில்லாமல் கொடுத்தது, ஆதாயத்தில் பாதி என்று பேசியது, அடுத்த ஆண்டு 'சரக்கு நனைஞ்சிது, முதலும் இல்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே கோடு போட்டு விட்டிருக்கிறார். நட்டத்தில் பங்கு கேட்கவும் இல்லை, கடனாக மாற்றி எழுதவும் இல்லை. முளாரபா (ஒருவர் முதலும் இன்னொருவர் உழைப்பும் போடும் கூட்டு) என்ற சொல் அந்த நோட்டில் எங்கேயும் கிடையாது. ஆனால் அதன் விதி அப்படியே இருக்கிறது: நட்டம் முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு வீண். ராத்தாவின் அனுமதியோடு 38 பக்கங்களைப் படம் எடுத்திருக்கிறோம். நோட்டு அவர் வீட்டிலேயே இருக்கிறது. இதுபோன்றவை உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நூலகம். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது பீரோவின் கீழ்த்தட்டுகள் இரண்டும் மூழ்கின. நனைந்த 63 நூல்களில் 48ஐ மீட்டுவிட்டோம். தாளுக்குத் தாள் வெள்ளைத்தாள் செருகி மின்விசிறியின் கீழ் வாரக்கணக்கில் திருப்பிப் போட்டது பெண்கள் தைக்காவில் ஓதும் பிள்ளைகள்தான். பைண்டிங் செலவு இந்த ஆண்டுக் கணக்கில் வருகிறது. ஒரு குறை: பைண்டிங்குக்குக் கொடுத்த இடத்தில் இரண்டு நூல்களின் பக்கங்களை மாற்றித் தைத்துவிட்டார்கள். இப்போது குர்ஆன் விளக்கமான தப்ஸீரின் நடுவே கடல் வாணிப வரலாறு வருகிறது. அவிழ்த்துத் தைக்க வேண்டும்.

நிதி. பொருளாளர் விரிவாக வாசிப்பார், நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நம் சேமிப்புக் கணக்கில் இந்த ஆண்டு விழுந்த வட்டி ரூ. 1,412. தணிக்கையாளர் அதை வரவில் காட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார். ஆலிம்கள் அது நம் பணமே இல்லை என்கிறார்கள். நடப்புக் கணக்காக மாற்றலாம் என்றால் அதற்குக் கட்டணம் பிடிப்பார்கள். நூலகத்துக்கென்று ஒரு ரொக்க நிதி வைக்கலாம் என்று வந்த யோசனையும் இதே இடத்தில் சிக்கி நிற்கிறது: வைத்த பணத்தை எங்கே போடுவது? நான்கு மணி நேரம் பேசி, வட்டியைத் தனி வரியில் காட்டுவது, மன்றச் செலவுக்குத் தொடாமல் பேருந்து நிலையப் பொதுக் கழிப்பறைப் பழுதுக்குக் கொடுத்துவிடுவது என்று செயற்குழு முடிவு செய்தது. நூலக நிதி யோசனை பொதுக்குழுவின் முடிவுக்கு விடப்படுகிறது. பிர்கிவி கட்சியினரும் எபுஸ்ஸுஊத் கட்சியினரும் இன்றைக்கு வந்திருக்கிறார்கள், கண்ணால் பார்க்கிறேன்.

இடம் தந்த குடும்பத்தாருக்கும், மாதா மாதம் சுக்குக் காப்பி அனுப்பிய வீடுகளுக்கும், நகல் எடுத்துத் தந்த கடைத் தம்பிக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. அடுத்த ஆண்டுக்கு அபூயூசுப் இமாம் கலீபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய கராஜ் நூலில் வரி பற்றிய பகுதிகளை எடுத்திருக்கிறோம். முதல் பத்துப் பக்கங்களின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. பீரோவின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இன்று போவதற்குள் சொல்லிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்