ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஓர் ஓடை

முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐயா என்று எழுதுவதா அம்மா என்று எழுதுவதா தெரியவில்லை. ஒன்றரை வருஷத்தில் அந்த நாற்காலியில் மூன்று பேரைப் பார்த்துவிட்டோம். ஐந்தாவது முடித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆறாவதுக்குப் பக்கத்து ஊர் போய்வரப் படுகிற பாட்டைப் பற்றி முதல் மனுவை ஓர் ஐயாவிடமும் இரண்டாவதை ஓர் அம்மாவிடமும் கொடுத்தேன். அதனால் இந்த முறை நாற்காலிக்கே எழுதிவிடுகிறேன், யார் உட்கார்ந்திருந்தாலும் படிக்கட்டும். எந்த மாவட்டம் என்றும் எழுதப்போவதில்லை. கல்வராயன் மலையைச் சுற்றி இருக்கிற ஊர்களில் ஒன்று, அது போதும். பெயரைப் போட்டால் முதல் போன் எங்கள் ஹெச்.எம்.முக்குத்தான் வரும். பாவம், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினர். கொரோனாவுக்கு அப்புறம் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள். யார் வீட்டில் அப்பா பெங்களூரில் கொத்து வேலைக்குப் போயிருக்கிறார், யார் வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது.

குறை சொல்லவே வருகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்குகிற நாட்களில் வேன் காலை ஆறு மணிக்கே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். முன்பெல்லாம் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ராத்திரி மிஞ்சியதுதான், மிஞ்சாவிட்டால் அதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அந்தப் பேச்சே ஊரில் நின்றுபோனது. எட்டரைக்குள் மகளிர் குழுப் பெண்கள் சமைத்து இறக்கிவிடுகிறார்கள், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் குழாயடித் திட்டில் கவிழ்த்து வைக்கிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோயிருக்கிறீர்கள், 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் சாப்பிடுகிறார்கள். ஆதார் எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு அலைந்தோம், அதையும் பள்ளிக்கூடத்திலேயே எடுக்க ஆரம்பித்தார்கள். இதெல்லாம் பெரிய காரியம். எங்கள் தலைமுறைக்கு இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் ஜூன் மாதம் என்று ஒன்று வருகிறதே. ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு அந்த ஒரே ஜூனில் எத்தனை விஷயம் கையை விட்டுப் போகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடம் போய்விடுகிறது, ஏனென்றால் எங்கள் ஊரில் ஆறாவது இல்லை, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். காலைச் சாப்பாடு ஐந்தாவதோடு நின்றுவிடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டீச்சர் போய்விடுகிறார். இந்தத் தூரத்துக்கு ஒரு சைக்கிள் இருந்தால் நன்றாக இருக்குமே என்றால், விலையில்லா மிதிவண்டி ப்ளஸ் ஒன்னில்தான் வரும். பத்து வயசில் தேவைப்படுகிற சைக்கிளைப் பதினஞ்சு வயசில் கொடுக்கிறோம். அதுவரைக்கும் தாக்குப்பிடித்துப் படித்த பிள்ளைக்குப் பரிசு மாதிரி.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரி போகிற பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நிபந்தனை என்ன? ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அந்த ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் சரி. அரசாங்கம் எங்கள் பிள்ளையைக் கணக்கில் எடுக்க ஆரம்பிக்கிற அதே வகுப்பில்தான் எங்களுக்குப் பாதை அறுந்துபோகிறது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அந்த ஜூனிலேயே மஞ்சள் வேன் வருகிற தனியார் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்த்துவிடுகிறார்கள். பாடம் நன்றாக நடக்கும் என்பதற்காக இல்லை, வேன் வீட்டு வாசலுக்கு வரும் என்பதற்காக.

இப்போது ஓடைக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்துக்கான நம் மாநில விதிகளே சொல்கின்றன. அப்படி இல்லாத இடத்தில் சமக்ர சிக்ஷா என்கிற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படி கொடுக்க வழி இருக்கிறது, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரை. இது தெரிந்துதான் முதல் மனுவைக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து வட்டார அலுவலகத்தில் கேட்டபோது கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி சொன்னார், “உங்க ஊருக்கு 2.8 தான்க்கா காட்டுது.” எப்படி 2.8 என்று கேட்டேன். மேப்பில் எங்கள் பள்ளியையும் அந்தப் பள்ளியையும் வைத்து ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு ஓடையைத் தாண்டி, யாரோ ஒருவரின் கிழங்குக் காட்டைத் தாண்டி, நேராகப் போகிறது. காக்காவுக்கு 2.8 சரிதான். நான் அன்றைக்கே வீட்டுக்காரர் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு தார் ரோட்டு வழியாக ஓட்டிப் பார்த்தேன், மீட்டரில் 5.2.

ஓடை வழியாகவும் பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள், சும்மா சொல்லக் கூடாது. மாசி, பங்குனியில் அது வெறும் மணல், ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டே போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும். அன்றைக்கு ஒன்று செருப்பையும் பையையும் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் லீவு. ஏழாவது படிக்கிற பெண் பிள்ளைகள் நனைந்த பாவாடையோடு வகுப்பில் நாள் முழுக்க எப்படி உட்காருவார்கள், லீவுதான். அந்த வாரம் வருகைப் பதிவைத் திறந்து பாருங்கள், எங்கள் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி விழுந்திருக்கும்.

பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பாஸும் இலவசம்தான், அதில் ஒரு வம்பும் இல்லை. காலையில் 7.20க்கு ஒன்று, அப்புறம் 10.40க்குத்தான் அடுத்தது. நடுவில் ஓடுகிற மினி பஸ்ஸில் பாஸ் செல்லாது. அதனால் எங்கள் பிள்ளைகள் எட்டு மணிக்கு முன்னாலேயே போய் இறங்கி, பூட்டின கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பெண் ஆறாவது சேர்ந்த முதல் வாரம் நானும் கூடப் போய்ப் பார்த்தேன். உயர்நிலைப் பள்ளி காம்பவுண்டை ஒட்டியே அந்த ஊர்த் தொடக்கப் பள்ளி, சுவர்தான் நடுவில். எட்டேகாலுக்கு அங்கே சாம்பார் தாளிக்கிற வாசனை இந்தப் பக்கம் வருகிறது. மார்ச் வரைக்கும் இதே சாப்பாட்டைத் தட்டில் வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகள் சுவருக்கு இந்தப் பக்கம் அஞ்சு ரூபாய் பன்னை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் மிச்சம் இருந்ததை ஓர் அக்கா சுவர் மேல் எட்டிக் கொடுத்தார். இதை எழுதலாமா கூடாதா தெரியவில்லை, கணக்கு கேட்டு அவரைத் தொந்தரவு பண்ணிவிடாதீர்கள். அதன்பிறகு இவர்களுக்கு மதியச் சாப்பாடுதான். ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய வயிறு.

தீர்மானம் போட வேண்டியதுதானே என்றால், போட்டோம். ஒன்று இல்லை, மூன்று. பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி ஒன்று, தூரத்தைத் திரும்ப அளக்கச் சொல்லி இரண்டு. செயலியில் ஏற்றினோம், மூன்றும் இன்னும் “நடவடிக்கையில் உள்ளது” என்றே இருக்கிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் அழகாகச் சொல்கிறது, எங்கள் குழுவும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் அந்தப் பெண்கள் எல்லாரும் காட்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். கையெழுத்து அப்புறம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளப்படுகிறது. ராத்திரி ஏழரைக்கு வைத்துப் பாருங்கள், பெஞ்சு பற்றாது.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்கள் கம்ப்யூட்டரில் தெரியாது. தொடக்கப் பள்ளியில் டி.சி. கொடுத்தவுடன் பிள்ளையின் பெயர் எமிஸில், அதாவது பள்ளிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் பதிவேட்டில், எந்தப் பள்ளியிலும் சேராத காமன் பூல் பட்டியலுக்குப் போய்விடுகிறது, அடுத்த பள்ளி எடுத்துக்கொள்கிற வரைக்கும் அங்கேயே கிடக்கும். என் திண்ணையில் படித்த பையன் ஒருவன் ஆகஸ்ட் வரைக்கும் காமன் பூலில் இருந்தான். நிஜத்தில் அவன் இருந்தது அவன் மாமாவின் கோழிப் பண்ணையில், தீவன மூட்டை பிரித்துக்கொண்டு. பழைய பள்ளிக்கு அவன் படித்து முடித்தவன், புதிய பள்ளிக்கு அவன் இன்னும் வராதவன், ஆக இரண்டு ஹெச்.எம்.முக்கும் அவன் இடைநின்றவன் இல்லை. அவன் பாட்டி ரேஷன் கடையில் சொல்லி அழுததைக் கேட்டு எங்கள் ஹெச்.எம். இரண்டு தடவை பண்ணைக்கே போனார். இரண்டாவது தடவை உயர்நிலைப் பள்ளி பி.டி. சாரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். பி.டி. சார் கபடி டீம் பற்றிப் பேசினாராம், படிப்பைப் பற்றிப் பேசவே இல்லையாம். பையன் அடுத்த வாரம் வந்துவிட்டான். இது எந்தத் திட்டத்திலும் இல்லாத வேலை, பெட்ரோல் எங்கள் ஹெச்.எம்.மின் சொந்தக் காசு.

அதனால் நான் கேட்பது புதுத் திட்டம் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகளை அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரே உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய், பெயரைச் சொல்லி, ஆளைக் காட்டி ஒப்படைக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். ஜூன் இரண்டாவது வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு பள்ளியிலிருந்தும் ஆள் போகட்டும். பஸ் டிப்போ மேலாளருக்கு நாங்கள் எழுதினால் அது காகிதம், நீங்கள் போனில் பேசினால் அது வேலை, 7.20ஐ 8.20 ஆக்குவதற்குப் புது பஸ் வேண்டியதில்லை. தூரத்தைத் தார் ரோட்டு வழியாக அளக்கச் சொல்லுங்கள்.

டெல்லிப் பணம் வரவில்லை என்ற பதிலும் எனக்குத் தெரியும். 2024-25க்கான 2,152 கோடியை, பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசுப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்ததை நாங்களும் பேப்பரில் படித்தோம், அது அநியாயம்தான், அதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் எங்கள் ஊரை 2.8 என்று எழுதி வைத்திருந்தால் நாளைக்குப் பணம் வந்தாலும் எங்களுக்கு வராதே.

சைக்கிள் உங்கள் கையில் இல்லை, கோட்டையில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். இருந்தாலும் மேலே எழுதுகிறபோது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பீகாரில் 2006லேயே ஒன்பதாவது சேர்கிற பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து பார்த்ததில் உயர்நிலை வகுப்பில் சேர்கிற பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள், அதிலும் பள்ளி தூரமாக இருக்கிற ஊர்களில்தான் கூடுதல் பலன். கேரளத்தில் பழங்குடிப் பிள்ளைகளை வீட்டுப் பக்கத்திலிருந்தே ஜீப்பில் ஏற்றிப் பள்ளியில் விடுவதற்கு வித்யாவாஹினி என்று ஒரு திட்டமே நடக்கிறது. காமராஜர் காலத்திலிருந்து பள்ளிக்கூடத்தையே பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்த மாநிலம் இது. ப்ளஸ் ஒன் சைக்கிளை ஆறாவதுக்குக் கொஞ்சம் நகர்த்துவது அவ்வளவு கஷ்டமா? உயரம் குறைந்த சைக்கிளாக இருக்கட்டும், பம்ப் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

தூரத்தைத் திரும்ப அளக்க ஆள் அனுப்புகிறீர்கள் என்றால் கார்த்திகைக்குள் அனுப்புங்கள். நேற்று நான் பார்த்தபோது ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வருகிறவரிடம் மாற்றுத் துணி ஒன்று எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், செருப்பை எங்கள் வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா