மதுரை நண்பனுக்கு: கணினியைக் கொடையளிக்க எந்த இயங்குதளம்?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு மதுரைக்கே பணிமாறுதல் கிடைத்தது அறிந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். சின்னவள் ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிபோய்விட்டதால் அவளுடைய மேசைக் கணினி சும்மா கிடந்தது. அதை, தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளைக் கொண்டு வானியல் கணக்குகளைச் செய்யும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்கே முழுவதுமாக ஒதுக்கிவிட்டேன். இதே முறையில் வேற்றுக்கோள் உயிர்களின் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் 1999-இல் தொடங்கியபோது, அதன் வண்ண வரைபடத் திரைக்காப்பை நாம் இருவரும் எவ்வளவு ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தோம்! அத்திட்டம் 2020 மார்ச் மாதத்தோடு புதிய பணிகளை, அதாவது வீட்டுக் கணினிகளுக்கான கணக்குத் துண்டுகளை, அனுப்புவதை நிறுத்திய பிறகு விட்டுப்போன அந்த ஈடுபாட்டை நீயும் மீண்டும் தொடங்க நினைப்பது எனக்குப் பெரிய ஊக்கம்.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றில் எது வேகம் என்று கேட்டிருந்தாய். இயங்குதளம் வேகத்தைத் தருவது மிகக் குறைவு. அந்தந்தத் திட்டத்தார் தங்கள் கணக்கு நிரலை அத்தளத்துக்கு எவ்வளவு அக்கறையோடு உருவாக்கியிருக்கிறார்கள் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இத்திட்டங்களின் பணிகளை வாங்கி நம் கணினியில் ஓட்டும் பாயிங்க் மென்பொருளை நிறுவியதும் அது வெட்ஸ்டோன், ட்ரைஸ்டோன் என்னும் இரு வேகச் சோதனைகளை ஓட்டி எண்களைக் காட்டும். ஒரே கணினியில் விண்டோஸில் ஓர் எண்ணும் லினக்ஸில் வேறோர் எண்ணும் வருவதைப் பார்த்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதே. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு பாயிங்கை உருவாக்கப் பயன்பட்ட கம்பைலரை, அதாவது நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கருவியைச் சேர்ந்தது. உனக்கு வரும் பணி எத்தனை மணி நேரத்தில் முடியும் என்பதை அது சொல்லாது. ஒரே திட்டத்தின் ஒரே வகைப் பணிகளை இரு தளங்களிலும் சில நாள் ஓட்டி, முடிந்த நேரங்களை ஒப்பிடுவதுதான் நேர்மையான சோதனை.

வேகத்தைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. முகம் தெரியாதவர்களின் கணினிகள் தரும் விடையை அப்படியே நம்ப முடியாது என்பதால், பல திட்டங்கள் ஒரே பணியை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கின்றன. தசம எண் கணக்குகளிலோ, செயலியும் கணித நூலகமும் கம்பைலரும் மாறும்போது கடைசி இலக்கங்கள் மாறக்கூடும்; மூலக்கூறுகளின் அசைவைப் படிப்படியாகக் கணிக்கும் நீண்ட பணிகளில் அந்த நுண்ணிய வேறுபாடு பெருகிக்கொண்டே போய், இரண்டு கணினிகளும் பிழையின்றி வேலை செய்திருந்தும் விடைகள் முற்றிலும் விலகிவிடும். இதற்காகவே, ஒரு பணியின் நகல்களை ஒரே இயங்குதளமும் ஒரே வகைச் செயலியும் கொண்ட கணினிகளுக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு பாயிங்கில் இருக்கிறது. விண்டோஸில் செய்த கணக்கை இன்னொரு விண்டோஸ் கணினியே சரிபார்க்கும். எல்லோரும் ஒரே தளத்துக்கு மாறிவிட வேண்டியதில்லை என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முதலில் திட்டத்தைத் தேர்ந்தெடு; அதற்குப் பிறகு தளத்தைப் பற்றி யோசிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2003 முதல் நடந்துவரும் காலநிலைத் திட்டத்தில் சில மாதிரிகள் லினக்ஸுக்கென்றும் சில விண்டோஸுக்கென்றும் வெளியாகியுள்ளன. செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் இயற்பியல் சோதனையான அட்லஸின் பணிகளை விண்டோஸில் செய்ய வேண்டுமானால், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் வேண்டும். அது நினைவகத்தை மிகுதியாகக் கேட்கும். லினக்ஸிலோ தேவையான துணைக் கருவிகளை நிறுவிவிட்டால் அதே பணி நேரடியாகவே ஓடும். மேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு பழைய 32-பிட் நிரல்களுக்கு இடமில்லாமல் போனது, என்விடியா கிராபிக்ஸ் அட்டைகளில் கணக்குகளை ஓட்ட உதவும் ‘கூடா’ என்னும் மென்பொருளும் அங்கே இல்லை. ஆப்பிளின் புதிய செயலிகள் குறைந்த மின்சாரத்தில் நன்றாக உழைக்கின்றன என்றாலும், இதற்கென்றே ஒரு மேக் வாங்குமாறு உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஆள் பார்க்காமல் இரவும் பகலும் ஓட வேண்டிய கணினிக்கு லினக்ஸே என் தேர்வு. லினக்ஸின் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் பாயிங்க் ஒரு சேவையாக, அதாவது பின்னணியில் தானே தொடங்கும் நிரலாக, நிறுவப்படுகிறது. இரவில் மின்சாரம் போய்த் திரும்பினால், பயாஸ் என்னும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில் அதற்குரிய அமைப்பைச் செய்திருக்கும் பட்சத்தில், கணினி தானே எழுந்து, யாரும் உள்நுழையாமலேயே, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து வேலையைத் தொடரும். விண்டோஸிலும் சேவையாக நிறுவலாம். ஆனால் அப்படி நிறுவினால் கிராபிக்ஸ் அட்டையைக் கணக்குக்குப் பயன்படுத்த முடியாது. சாதாரணமாக நிறுவினால் அட்டை கிடைக்கும். ஆனால் யாராவது உள்நுழைந்தால்தான் வேலை தொடங்கும்.

லினக்ஸின் சிரமங்களையும் மறைக்க விரும்பவில்லை. கிராபிக்ஸ் அட்டைக்கு உற்பத்தியாளரின் டிரைவரும் அட்டையில் கணக்குகளை ஓட்ட உதவும் ஓப்பன்சிஎல் தொகுப்பும் தனியே வேண்டியிருக்கும். பயனர் விசைப்பலகையைத் தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும் வசதி, லினக்ஸில் இப்போது பரவலாக உள்ள வேலேண்ட் என்னும் திரைக்காட்சி முறையில் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் நீ அன்றாடம் கணக்கு எழுதும் கணினியில் விண்டோஸே இருக்கட்டும். அங்கே பாயிங்க் மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் ஓடுவதால் உன் வேலைக்கு இடையூறாக இராது.

மாடி அறையில் இருக்கும் உன் பழைய கணினி விண்டோஸ் 10-இலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவவும் முடியாது. அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்காமல் டெபியன் போட்டுவிடு. 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் கண்டறிந்த முதல் பல்சார் (வேகமாகச் சுழலும் விண்மீன் எச்சம்), வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழல்வது, அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகளில்தான் வெளிப்பட்டது. உன் மாடி அறைக்கும் அந்த வாய்ப்பு உண்டு என்று நான் மனமார நம்புகிறேன்.

ஆனால் வெயிலைக் கவனிக்க வேண்டும். பெங்களூரில் நான் ஆண்டு முழுவதும் ஓட்டுவதை மதுரையில் சித்திரை, வைகாசியில் அப்படியே செய்யாதே. நாள் முழுவதும் 100 வாட் இழுக்கும் கணினி நாளொன்றுக்கு 2.4 யூனிட், முப்பது நாளில் 72 யூனிட் எடுக்கும்; அத்தனையும் வெப்பமாகவே அறையில் இறங்கும். பாயிங்க் அமைப்பில் செயலி நேரத்தின் விழுக்காட்டைக் குறைத்தால் அது விட்டுவிட்டு ஓடும். அதற்குப் பதிலாக, பயன்படுத்தும் கோர்களின் (செயலியின் உட்கருக்களின்) எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடு. வெப்பம் ஒரே சீராக இருக்கும்.

அந்தக் கணினியின் செயலி எது, நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் அட்டை உண்டா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. அதற்குப் பொருந்தும் திட்டங்களைப் பார்த்து, நிறுவும் முறையை வரிசையாக எழுதி அனுப்புகிறேன். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் ராமநாதன்