‘ஒரே நாளில் லேசர் ஆபரேட்டர்’ ஆகலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அடிக்கடி ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. ‘ஃபைபர் லேசர் கட்டிங் ஆபரேட்டர் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. ஒரே நாளில் பயிற்சி.’ லேசர் ஒளியால் உலோகத் தகட்டை வெட்டும் இந்த மெஷினை நான் பத்து வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். அதற்கு முன்னால், தகட்டைக் கத்தியால் வெட்டும் ஷியரிங் மெஷினில் இருந்தவன். அந்த ‘ஒரே நாளில்’ என்பதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே நாளில் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், முடியும். வம்பே அதுதான். டிராயிங்கைத் திற, என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்று தேர்ந்தெடு, ஷீட்டின் ஓரத்தைப் பிடிக்க விடு, பச்சை பட்டனை அமுக்கு. காலையில் சேர்ந்த பையன் மதியத்துக்குள் வெட்டிவிடுவான். ஷீட் அறுபடாமல் கீழே கசடு தொங்கும் முதல் நாளில்தான் சிக்கல். எதில் கை வைப்பது என்று தெரியாது. பவரைக் கூட்டுவான், வேகத்தைக் குறைப்பான், அப்புறம் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்ப்பான்.

அந்த எட்டிப் பார்ப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் லேசரின் அலைநீளம் கிட்டத்தட்ட 1070 நானோமீட்டர். நம் கண்ணுக்கு அது தெரியாது. வெட்டும் இடத்தில் தெரியும் வெளிச்சம் உருகிய உலோகத்தினுடையது. தகட்டில் தெரியும் சிவப்புப் புள்ளி, இடம் காட்டுவதற்கான வேறொரு சின்ன விளக்கு. தெரியாத ஒளி என்பதால் கண் இமைக்காது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதையும் குவித்து விழித்திரையில் கொண்டுபோய் வைக்கும். அங்கே சுட்டால் வலி தெரியாது, பார்வையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். நேராகப் பட வேண்டும் என்றுகூட இல்லை, பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறித்து வருவதே போதும்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பழைய கார்பன் டை ஆக்ஸைடு லேசர் ஒன்று இருந்தது. அதற்கு வாங்கிய நிறமில்லாத பிளாஸ்டிக் கண்ணாடியையே ஃபைபர் மெஷினில் நின்ற எங்களுக்கும் கொடுத்தார்கள். மூன்று மாதம் அதைப் பெருமையாக மாட்டிக்கொண்டு திரிந்தேன். சர்வீசுக்கு வந்தவர் ஒருநாள் அதை வாங்கி, ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குப்பைத்தொட்டியில் போட்டார். பழைய மெஷினின் ஒளி 10,600 நானோமீட்டர். அதைச் சாதாரண பிளாஸ்டிக்கே நிறுத்திவிடும். ஃபைபரின் ஒளி அதே பிளாஸ்டிக்கை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஊடுருவிப் போகும். மாட்டுகிற கண்ணாடியில் 1070 அடங்கும் அளவு அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலுக்குப் போடுகிற கூலிங் கிளாஸை எல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். மெஷின் கதவில் இருக்கும் ஜன்னலும் இந்த ஒளியைத் தடுக்கவென்றே செய்தது. அது உடைந்தபோது கடையில் கிடைத்த அக்ரிலிக்கை அளவெடுத்து மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, தகட்டுக்கு மேலே ஓடி வெட்டும் கட்டிங் ஹெட்டுக்குள் இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. நாணயம் மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான். மேலே இருக்கும் விலை உயர்ந்த லென்ஸில் பொறியும் புகையும் படாமல் இது காக்கிறது. புதுசாக வருகிறவன் படும் பாட்டில் பாதி இதனால்தான். என் முதல் மாதத்தில் இதை இழுத்து எடுத்து, தோளில் கிடந்த துண்டின் நுனியால் துடைத்து, வாயால் ஊதி மாட்டினேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. ஒரு ஷீட் முடிவதற்குள் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. விரலின் எண்ணெய் ஒளியை வாங்கிச் சூடாகி, கண்ணாடியையே எரித்துவிட்டது. அதைவிடக் கொடுமை, திறந்து வைத்திருந்த இடைவெளி வழியாகத் தூசி மேலே போய் லென்ஸில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது நான் கற்றுக்கொடுப்பது இப்படி: ஃபேனை நிறுத்து. கையைக் கழுவி உறை போடு. கண்ணாடியை எடுத்த மறுநொடி அந்தத் திறப்பை டேப் ஒட்டி மூடு. நூல் பிரியாத குச்சிப் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே பக்கமாகத் துடை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார், புள்ளி தெரிந்தால் புதுசு மாட்டு. ஆரம்பத்தில் சுத்தமாக வெட்டிக்கொண்டிருந்த மெஷின் போகப் போகப் பிசிறு விட்டால், பவரில் கை வைக்காதே, முதலில் இந்தக் கண்ணாடியைப் பார். கம்ப்ரஸர் காற்றில் வெட்டுகிற இடங்களில் காற்றோடு வரும் ஈரமும் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும்.

ஹெட்டின் நுனியில், ஒளியும் வெட்டுக்கு உதவும் கேஸும் வெளியே வரும் வாய்தான் நாசில். அதைப் பற்றி ஒரே ஒரு சங்கதி. சதுரமாக ஒரு பீஸ் வெட்டுகிறீர்கள், மூன்று பக்கம் சுத்தமாக இருக்கிறது, நாலாவது பக்கத்தில் மட்டும் பிசிறு. அனுபவம் இல்லாதவர் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து அரை நாளை ஓட்டிவிடுவார். நாசில் வாயில் செலோடேப்பை ஒட்டி, குறைந்த பவரில் ஒரே ஒரு ஷாட் அடியுங்கள். டேப்பை உரித்துப் பார்த்தால் நாசிலின் வட்டம் லேசாகப் பதிந்திருக்கும். எரிந்த ஓட்டை அதன் நடுவில் இருக்க வேண்டும். ஒரு மயிரிழை ஓரமாகப் போயிருந்தாலும் கேஸ் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஊதும், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பிசிறு வரும். ஹெட்டில் இருக்கும் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும்.

கேஸிலும் தடுமாறுவார்கள். மைல்டு ஸ்டீலுக்கு ஆக்ஸிஜன் வைத்தால் இரும்பே எரிந்து சூட்டைக் கொடுக்கிறது. அதனால் கனமான தகட்டுக்கு மிகக் குறைந்த அழுத்தம் போதும், பல நேரம் ஒரு பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வைக்கும் நைட்ரஜன் எரிக்காது, உருகியதை ஊதித் தள்ளும். அதற்குப் பத்து பாருக்கு மேலும் தேவைப்படும். ஒன்றின் அழுத்தத்தை இன்னொன்றுக்கு வைத்தால் வெட்டு முகம் எலி கடித்த மாதிரி வரும். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் கிரீஸ் கையை வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. காற்றோட்டம் இல்லாத அறையில் கசிந்தால் மயங்கி விழுவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் வராது.

இன்னும் இருக்கிறது. காலையில் லேசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் சில்லர் மெஷினைப் போட்டு, அந்தத் தண்ணீர் சரியான சூட்டுக்கு வந்த பிறகுதான் லேசர். ரொம்பக் குளிர வைத்தாலும் உள்ளே வியர்த்துவிடும். அலுமினியத் தூளையும் இரும்புப் பொறியையும் ஒரே தூசி உறிஞ்சியில் சேர விடக் கூடாது, வெடிக்கும். ஓடும் மெஷினை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இதெல்லாம் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். எனக்குச் சிரமமாக இருப்பது வேறு. போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டி முடிந்த சின்ன பீஸ் ஒன்று சாய்ந்து, கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஹெட் அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. அவன் கை நிறுத்தும் பட்டன்மேல் இருந்தது, முகம் மட்டும் சூப்பர்வைசரைத் தேடியது. டப்பென்று சத்தம், ஹெட் அதில் மோதி, நாசிலைப் பிடித்திருக்கும் செராமிக் ரிங் இரண்டாகிவிட்டது. ‘ஏம்ப்பா நிறுத்தல?’ என்றேன். ‘நிறுத்தினா சத்தம் போடுவாங்கன்னு நினைச்சேண்ணே’ என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரத்தைக் கணக்குப் பார்த்துத் திட்டும் இடத்தில் எவனும் நிறுத்தப் பழக மாட்டான்.

முதலாளிகளிடம் நான் கேட்பது, புது ஆளுக்கு இரண்டு வாரம் ஸ்கிராப் தகட்டைக் கொடுங்கள், ஆர்டர் வேலையைக் கொடுக்காதீர்கள். உங்களிடம் கேட்பது, இந்தக் கடிதத்தை முடிந்தால் அந்த விளம்பரம் வரும் பக்கத்திலேயே போடுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் பச்சை பட்டனைக் காட்டுவதே இல்லை. ஸ்கிராப்பை நானே ஓடவிட்டு, பொறியைப் பார்க்கச் சொல்லி நிற்க வைக்கிறேன். நேராகக் கீழே கொட்டினால் சரி. பின்னால் சாய்ந்தால் வேகம் அதிகம். மேலே தெறித்தால் தகடு அறுபடவில்லை. நடுவில் சொல்லாமல் வேகத்தைக் கூட்டுவேன். என் முகத்தைப் பார்க்காமல் அவனாக ஒருமுறை நிறுத்திவிட்டால், மறுநாள் மற்றதைப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
லேசர் மெஷின் ஓட்டும் ஒரு வாசகர்