செயலாளரின் ஆண்டறிக்கை: பொட்டலத்தில் இருப்பதும் மண்ணில் இருப்பதும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் உழவர் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. மண்ணிலும் பயிரிலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி இந்த ஆண்டு முழுக்கப் படிப்பது, நம் வயல்களிலேயே சோதித்துப் பார்ப்பது என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அதனால் அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன். விதைப்புக்கு முன்பு எல்லோருக்கும் சேர்த்து இரண்டு உயிர் உரங்கள் வாங்கினோம்: பயறு வகை வேரில் முடிச்சு கட்டிக் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் ரைசோபியம், மண்ணில் உள்ள மணிச்சத்தைக் (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா. வந்த பெட்டிகளைத் தகரக் கூரை போட்ட சாமான் அறையில் அடுக்கினோம். மழை தள்ளிப் போனது, விதைப்பும் தள்ளிப் போனது. பெட்டிகள் வாரக்கணக்கில் அந்த வெக்கையிலேயே கிடந்தன. அதை விதையில் பூசி விதை நேர்த்தி செய்த பலரின் வயலில், செய்ததற்கும் செய்யாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. "உயிர் உரமெல்லாம் சும்மா" என்று சிலர் மனம் வெறுத்துப் பேசினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் தவறு உரத்தில் இல்லை, அதை வைத்திருந்த இடத்தில். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். பொட்டலத்தில் கரித்தூள் போலத் தெரிவது வெறும் தாங்கிப் பொருள்தான். விலை கொடுத்து வாங்கியது அதில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாவை. வெயிலும் சூடும் பட்டால் அது செத்துப்போகும், பொட்டலம் மட்டும் பார்க்க அப்படியே இருக்கும்.

இன்னொரு தவறும் நடந்தது. பூசணக்கொல்லியையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே வாளியில் கலந்து சிலர் விதை நேர்த்தி செய்திருந்தார்கள். நோய்ப் பூசணத்தை அடக்கச் சேர்க்கும் டிரைக்கோடெர்மாவே ஒரு பூசணம்தானே! நோய்ப் பூசணத்தைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை அதையும் சேர்த்துத்தான் தாக்கும்.

இப்போது பெட்டிகள் குளிர்ந்த, இருட்டான அறைக்கு மாறியிருக்கின்றன. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கானது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறோம். மூன்றாவது விவரம் ரொம்ப முக்கியம். சோயாவோடு சேரும் பாக்டீரியா கொண்டைக்கடலையோடு சேராது. ரைசோபியம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

அடுத்து வேர் முடிச்சு. இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் வயலிலேயே நடந்தது. செடியைத் தண்டைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும் என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது. மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாக வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக அலசினோம். வேரோடு ஒட்டிய சிறு உருண்டைகள் தெரிந்தன. பிளேடால் ஒன்றை இரண்டாக அறுத்ததும் உள்ளே இளஞ்சிவப்பு, சமைக்காத இறைச்சியின் நிறம். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. அப்புறம், பூப்பதற்கு முன்பே யூரியா தூவியிருந்த பக்கத்து வயலில் தோண்டினோம். முடிச்சுகள் குறைவு, சிறிசு. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருந்தன.

ஏன் அப்படி என்பதை, உரையாற்ற வந்த நுண்ணுயிரியல் ஆசிரியர் நன்றாக விளக்கினார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதைத் தொட முடியாது. அதன் பிணைப்பு அவ்வளவு இறுக்கம். அதை உடைக்க உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும் பெரிய அழுத்தமும் வேண்டும். பாக்டீரியா தன் நைட்ரஜனேஸ் என்சைமைக் கொண்டு அதே வேலையைச் சாதாரண மண் சூட்டில் செய்துவிடுகிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த என்சைம் கெட்டுவிடும். ஆக்சிஜனைப் பிடித்து அளவாக விடுவதுதான் அந்தச் சிவப்புப் புரதத்தின் வேலை. இதெல்லாம் இலவசமும் இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணு ஆற்றலைச் செலவழிக்கும் மூலக்கூறு) அளவு ஆற்றல் வேண்டும், அதற்கான சர்க்கரையைச் செடிதான் தருகிறது. யூரியாவிலிருந்து நைட்ரஜன் கையில் கிடைக்கும்போது எந்தச் செடி இவ்வளவு செலவு செய்யும்? பயறு வகைகளுக்கு மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்துவோம் என்று அன்றே பலர் கையெழுத்திட்டார்கள். முடிச்சுள்ள பயறு வகைச் செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுப்பதை ஜெர்மன் அறிவியலாளர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் காட்டினார்கள். அந்தப் பாக்டீரியாவை டச்சு அறிவியலாளர் பெயரிங்க் பிரித்தெடுத்தது 1888இல். இத்தனை காலம் தெரிந்திருந்தும் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பயறு வயலுக்குப் போனோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

தானியப் பயிர்களுக்குப் போடும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா பற்றி ஒரு வார்த்தை. அது போட்ட தானியப் பயிரில் முடிச்சைத் தேடி ஏமாறாதீர்கள். அது முடிச்சு கட்டாது. வேரை ஒட்டி வாழ்ந்து, வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து, வேரைப் பரவலாகக் கிளைக்க வைப்பதில்தான் அதன் பலன் அதிகம்.

வேம் எனப்படும் வேர்ப் பூசணம் இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. மணிச்சத்து மண்ணில் நகரவே தயங்கும் சத்து. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வரை இருப்பதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சத்து தீர்ந்துவிடும். பூசண இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண் துளைக்குள் புகுந்து, சென்டிமீட்டர் கணக்கில் தள்ளிப் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. 40 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவச் செடிகளிலேயே இந்தப் பூசணம் தெரிகிறது. நிலத்துக்குத் தாவரம் ஏறி வந்த காலத்து உறவு இது.

ஓர் உறுப்பினர் காலிஃபிளவர் பாத்திகளுக்கெல்லாம் வேம் வாங்கிப் போட்டு, பலன் இல்லை என்று முறையிட்டார். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு குடும்பம் இந்தப் பூசணத்தோடு சேர்வதில்லை. பீட்ரூட், பசலை குடும்பமும் அப்படித்தான். விற்றவர் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் உறுப்பினரின் பணம் மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. இனி இதைச் சொல்வது நம் சங்கத்தின் கடமை. உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணத்தால் வளர முடியாது, வித்துகளாகக் காத்திருக்க மட்டும்தான் முடியும். அதனால் நிலத்தை மாதக்கணக்கில் வெறுமையாகப் போட்டால் அது மெலிகிறது. ரொட்டவேட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் இழைவலை அறுபடுகிறது. மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் செடியே பூசணத்தைச் சேர்ப்பதில்லை.

அடுத்தது துணிச் சோதனை. பருத்தியை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்னும். புதைத்த துணி எவ்வளவு காணாமல் போகிறதோ, அவ்வளவு சுறுசுறுப்பாக அவை இருக்கின்றன என்று பார்க்கலாம். ஒரே மாதிரியான புது வெள்ளைப் பருத்தித் துணிகளை மூன்று இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து டிசம்பர் 5, உலக மண் நாளன்று தோண்டினோம். களைக்கொல்லி அடித்து வெறுமையாக வைத்திருந்த வரப்போரத்தில் துணி அழுக்காகி இருந்ததே தவிர முழுசாக வந்தது. வழக்கமாகப் பயிர் செய்யும் வயலில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டு, ஊடுபயிரும் வளர்த்த பாத்தியில் தோண்டிக்கொண்டே இருந்தோம், துணியைக் காணவில்லை. கடைசியில் ஓரம் தைத்த பாலியஸ்டர் நூல் மட்டும் வளையமாகக் கைக்கு வந்தது. அதைப் பிடித்திருந்த அம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மண்ணின் ஈரம், சூடு எல்லாமே இதில் பங்கு பெறும், ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு மூடாக்கைப் பற்றி நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாப் பயிருக்கும் ஒரே நுண்ணுயிர்க் கரைசல் தயாரித்துச் சங்கமே கொடுக்கலாமே என்ற யோசனை செயற்குழுவில் வந்தது. நீண்ட விவாதம். நான் எதிர்த்தேன், காரணத்தைப் பதிவு செய்கிறேன். நல்ல மண்ணில் ஒரு கிராமுக்கு நூறு கோடி பாக்டீரியா வரைகூட இருக்கும். வெளியிலிருந்து ஊற்றுவது அந்தக் கூட்டத்தோடு போட்டி போட்டுத்தான் பிழைக்க வேண்டும். சாப்பிட மக்கிய பொருள் இல்லாத மண்ணில் அதுவும் பட்டினிதான். சில இடங்களில் வாங்கிப் போடுவது நிச்சயம் பயன் தரும்: சோயாவை முதல்முறையாக விதைக்கும் நிலம், நாற்றங்கால் அழுகலுக்கு டிரைக்கோடெர்மா, குழித்தட்டு நாற்றுக்கு வேம். மற்றபடி முதல் செலவு தொழு உரத்துக்கும் மூடாக்குக்கும் பசுந்தாள் விதைக்கும் போகட்டும். செயற்குழு இதை ஏற்றுக்கொண்டது.

நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெரியவர் இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார். மழை விழுந்ததும் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார். அந்த மணம் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருகிறது, அதைப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன என்று கூட்டத்தில் கேட்டபோது, "அப்போ இத்தனை நாளா அவங்களைத்தான் மோந்திருக்கேன்" என்று குழந்தை போலச் சிரித்தார். அவர் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்.

சோதனைக்கு வயல் தந்த உறுப்பினர்களுக்கும், ஊதியம் வாங்காமல் உரையாற்றிய ஆசிரியருக்கும், பதிவேட்டைப் பொறுப்பாக எழுதிவரும் துணைச் செயலாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் துணிச் சோதனையை விருப்பமுள்ள எல்லா வயலுக்கும் விரிக்கிறோம். துணி சங்கம் தரும். புதைத்த இடத்தில் குச்சி நட்டு, தேதி எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பயறு போட்டிருப்பவர்கள் பூக்கும் பருவத்துச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். பிளேடும் வாளியும் இங்கே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்