அம்மாவின் மின்னூல்கள் யாருக்குப் போகும்?

மின்னூல் பதிப்பிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் வணக்கம்.

அச்சுப் புத்தகமா, மின்னூலா என்று கேட்டால் கை தானாக அச்சுப் பக்கம்தான் போகிறது. ஆனாலும் உங்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். பார்வை மங்கத் தொடங்கியதும் அம்மா வாசிப்பதையே விட்டிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கி ஒரு மின்னூலை அவர் கையில் கொடுத்தேன். அன்று இரவு விளக்கை அணைக்க வெகுநேரம் ஆனது.

அப்பா இறந்தபோது அவருடைய புத்தகங்கள் என்னிடம் வந்தன. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பக்க ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதியவற்றை இன்றும் படிக்கிறேன். சில இடங்களில் அவரோடு சண்டைகூடப் போடுகிறேன். அம்மாவும் மின்னூலில் அடிக்கோடு போடுகிறார், குறிப்பு எழுதுகிறார். அவை யாருக்குப் போகும்? கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்கிறது விதிமுறை. பொத்தானில் மட்டும் 'வாங்கு' என்றிருக்கிறது.

இது வீண் பயம் இல்லை. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்து அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால், தான் எடுத்து வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின என்று ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் போயின. அதற்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். அப்பாவின் பென்சில் எழுத்துக்கு யாராவது 25 டாலர் தருவதாகச் சொன்னால் கொடுப்பேனா?

மின்னூலை நகலெடுக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ விடாத பூட்டைக் கழற்றினால் திருட்டு பெருகும் என்பீர்கள். எழுத்தாளர் பிழைக்க வேண்டும், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அறிவியல் புனைகதைகள் வெளியிடும் டோர் பதிப்பகம் 2012-லேயே தன் மின்னூல்களில் டிஆர்எம் எனப்படும் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். மற்றவர்கள் ஏன் இன்னும் தயங்குகிறீர்கள்?

சரி, பூட்டை உடனே எடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். தருவது நூலை அல்ல, வாசிக்கும் உரிமம் மட்டும்தான் என்றால் அதை விலைக்குப் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். 'வாங்கு' என்று சொல்லி விற்றால் அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது. சட்டம் வராத இடங்களிலும் செய்யலாமே. வாசித்து முடித்த நூலை ஒருவருக்கு முழுதாகக் கொடுத்துவிட வழி வையுங்கள், கொடுத்த பின் என்னிடம் அது இருக்க வேண்டாம். ஒருவர் இறந்தால் அவருடைய நூலகம் குறிப்புகளோடு குடும்பத்துக்குப் போகட்டும்.

அம்மா இப்போது ஒரு பெரிய நாவலின் பாதியில் இருக்கிறார். நேற்றும் எங்கோ அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். அது எந்த வரி என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
இரண்டிலும் வாசிக்கும் ஒருவர்